எடை கேட்காத லைசென்சு

எங்கள் காலனி சாலைக்கு மேற்கே இருக்கிறது. ரேஷன் கடை, பள்ளிக்கூடம், தபால் ஆபீஸ் எல்லாம் கிழக்கே, ஊர்த்தெருவில். நடுவில் சென்னை–திருச்சி நாலுவழிச் சாலை ஓடுகிறது. ஒரு காலத்தில் சேரியையும் ஊரையும் பிரித்தது வெறும் வயல்தான். இப்போது அந்த வேலையைச் சாலை செய்கிறது. வயலைத் தாண்டினால் அடி விழும் என்று அன்று தெரியும். சாலையைத் தாண்டினால் என்ன விழும் என்று யாருக்கும் தெரியாது.

2021ஆம் வருஷம் தை மாதம், பொங்கல் அரிசி வாங்கப் போன எங்க தெரு ஆயா ஒருத்தி திரும்பி வரவில்லை. வெள்ளை நிறத்தில் ஒரு பெரிய கார். அதன் முன்மூடி ஆயாவின் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. வண்டியில் இருந்தவர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஓட்டினவர் ஓடிவிடவில்லை, குடிக்கவும் இல்லை. ரோட்டோரமாகக் குந்தி அழுதுகொண்டிருந்தார். சின்ன வயசு. லைசென்சு இருந்தது. எல்லாம் சட்டப்படி சரியாகத்தான் இருந்தது.

அந்த "சரி"யைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மேம்பாலம் கேட்டோம், சிக்னல் கேட்டோம், வேகத்தடை கேட்டோம். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் யாருமே கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. ரெண்டு டன் இரும்பை மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் எங்கள் வீட்டு வாசல் வழியாக ஓட்டிப்போக ஒருத்தருக்கு அனுமதி கொடுக்கும்போது, இந்த அரசு அவரிடம் என்ன கேட்கிறது? அவர் எந்த எடையை ஓட்டப் பழகினார் என்று கேட்கிறதா? கேட்பதில்லை தோழர்களே.

எங்க அண்ணன் கதையைச் சொன்னால் புரியும். அண்ணன் ஏழாம் வகுப்போடு நின்றவர். படிப்பு ஏறாமல் நிற்கவில்லை. அப்பா செத்துப்போனதால் நின்றார். கிளீனராகப் போய், டிராக்டர் ஓட்டிப் பழகி, கார் லைசென்சும் எடுத்தார். 2011இல் வாடகைக் கார் ஓட்டலாம் என்று பேட்ஜ் கேட்டுப் போனார். "எட்டாவது பாஸ் சர்ட்டிபிகேட் எங்க?" என்றார்கள். இல்லை. "அப்ப கெளம்பு."

மத்திய மோட்டார் வாகன விதி 8 அப்படித்தான் சொன்னது. வாடகை வண்டி, சரக்கு வண்டி ஓட்ட எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். சொந்தக் கார் ஓட்ட எந்தப் படிப்பும் வேண்டாம். 2019 செப்டம்பரில்தான் அந்த விதியை எடுத்தார்கள். அதுவரைக்கும் அண்ணன் என்ன செய்தார்? ஒரு காண்டிராக்டரிடம் டிரைவராகச் சேர்ந்தார். அது வெள்ளை போர்டு வண்டி, சொந்த வண்டி. ஆகவே பேட்ஜ் வேண்டாம், எட்டாவது வேண்டாம். ரெண்டு டன் எடை, நூற்றைம்பது குதிரைத் திறனுக்கு மேல். அதை அவர் தாராளமாக ஓட்டலாம். ஆனால் அதில் பாதி எடைகூட வராத மஞ்சள் போர்டு சின்னக் காரை ஓட்டினால் குற்றம்!

இதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது? அந்த விதி பயந்தது வண்டியைப் பார்த்து அல்ல, கூலிக்கு ஓட்டுகிறவனைப் பார்த்து. எட்டாம் வகுப்பைத் தாண்டாமல் நிறுத்தப்பட்டவர்கள் எந்தத் தெருவில் அதிகம் என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் "இலகுரக மோட்டார் வாகனம்" என்று ஒரு வகை. காராக இருந்தால் ஏற்றாத எடை 7,500 கிலோவுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய மாருதி 800 சுமார் 650 கிலோ, 37 குதிரைத் திறன். இன்றைய டீசல் பார்ச்சூனர் ரெண்டு டன்னுக்கு மேல், 200 குதிரைத் திறன். எடை மூணு மடங்கு, திறன் அஞ்சு மடங்கு. ரெண்டும் "இலகுரகம்"! ரெண்டுக்கும் ஒரே லைசென்சு. டிரைவிங் ஸ்கூலின் சின்னக் காரில் ஆர்.டி.ஓ. மைதானத்தில் ஒரு சுற்று சுற்றிக் காட்டின 18 வயசுப் பிள்ளை, மறுநாள் அப்பாவின் பெரிய வண்டியை எடுத்துக்கொண்டு நாலுவழிச் சாலைக்கு வரலாம். பைக்கிலும் இதே கதைதான். கியர் வண்டிக்கு என்று ஒரு லைசென்சு எடுத்தால் 100 சி.சி.யும் ஓட்டலாம், 1,000 சி.சி.யும் ஓட்டலாம்.

படிப்படியாக ஏறுவது என்ற யோசனையே நம் சட்டத்துக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதே சட்டத்தின் 7ஆம் பிரிவு, போக்குவரத்து வாகனத்துக்குப் பழகுநர் உரிமம் கேட்கிறவர் முதலில் ஒரு வருஷமாவது இலகுரக வண்டி லைசென்சு வைத்திருக்க வேண்டும் என்கிறது. போக்குவரத்து வாகன லைசென்சை 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 30 வயசுக்குள் எடுத்த சொந்த வண்டி லைசென்சு 40 வயசு வரைக்கும் செல்லும். தொழிலாளிக்குப் படிக்கட்டு, முதலாளிக்கு லிப்டு. இலகுரக வண்டி விஷயத்தில் இந்தப் பாகுபாட்டை உச்சநீதிமன்றமே 2017இல் உடைத்து, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. 7,500 கிலோவுக்குள் என்றால் வாடகை வண்டிக்குத் தனி அனுமதி தேவையில்லை என்றார்கள். இந்த லைசென்சோடு வாடகை வண்டி ஓட்டுகிறவர்களால்தான் விபத்து பெருகுகிறது என்று காட்ட ஆதாரம் எதுவும் வைக்கப்படவில்லை என்றும் சொன்னார்கள். ரொம்ப சரி. கூலிக்கு ஓட்டுகிறானா சொந்தத்துக்கு ஓட்டுகிறானா என்ற கேள்வி ஒழிந்தது. இனிமேல் கேட்க வேண்டிய கேள்வி எடையும் திறனும்தான். அதைத்தான் யாரும் வாய் திறந்து கேட்பதில்லை.

எடை அவ்வளவு முக்கியமா என்று மாணவத் தோழர்கள் கேட்கலாம். உங்கள் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். ஓடுகிற பொருளின் ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்தில் கூடும். வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் கூடும். 700 கிலோ கார் மணிக்கு 40இல் வருகிறது, 2,100 கிலோ கார் மணிக்கு 80இல் வருகிறது என்று வையுங்கள். ரெண்டாவதின் ஆற்றல் 12 மடங்கு. பிரேக் அதை அழிக்க வேண்டும். அழியாமல் மிஞ்சுவது எதிரில் இருக்கிறவர் உடம்பில் இறங்கும். பைக்கையோ ஆட்டோவையோ இடிக்கும்போது எடை பேசும். நடந்து போகிறவரை இடிக்கும்போது வேகமும் வண்டி முகப்பின் உயரமும் பேசும். அமெரிக்காவில் காப்பீட்டுக் கம்பெனிகளின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் இடித்தால் நடப்பவர் சாகும் வாய்ப்பு, முகப்பு தாழ்ந்து சரிந்த வண்டிகளைவிடச் சுமார் 45 விழுக்காடு அதிகம் என்று சொல்லியது. எங்க ஆயாவின் நெஞ்சுக்கு அந்த ஆய்வு தேவைப்படவில்லை.

செத்தது யார் என்று பாருங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் இருசக்கர வண்டியில் போனவர்கள் 44.5 விழுக்காடு. நடந்து போனவர்கள் 19.5 விழுக்காடு, அதாவது 32,825 பேர். கார், வேன் மாதிரி வண்டிகளுக்குள் இருந்தவர்கள் 12.5 விழுக்காடு. அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு, 64,105. செத்தவர் என்ன சாதி, என்ன வேலை என்று அந்த அறிக்கை எழுதுவதில்லை. நடந்து போனவர் என்று மட்டும் எழுதுகிறது. இந்த நாட்டில் நெடுஞ்சாலையில் நடந்து போகிறவர் யார் என்று நமக்குத் தெரியாதா?

இதற்கு நடுவில் கார்கள் பெருத்துக்கொண்டே போகின்றன. மாருதி 800 உற்பத்தி 2014இல் நின்றது. எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்கும் போன, ஆஸ்பத்திரிக்கும் போன 796 சி.சி. ஆம்னி 2019இல் நின்றது. 2024–25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற பயணிகள் வண்டிகளில் சுமார் 65 விழுக்காடு எஸ்.யு.வி. போன்ற உயர்ந்த வண்டிகள். குடும்பம் பெருசாகிவிட்டதாலா? இல்லை, அந்தஸ்து உசரம் கேட்கிறது. எதிரில் எல்லாரும் பெரிய வண்டியில் வந்தால் சின்ன வண்டிக்காரனுக்குப் பயம் வருகிறது, அவனும் பெரிசு வாங்குகிறான். இந்தப் பந்தயத்தில் கலந்துகொள்ளாமலே தோற்கிறவன் சைக்கிள்காரன்.

வரி போட்டு அடக்கலாமே என்பார்கள். போட்டுத்தான் பார்த்தார்கள். ஜி.எஸ்.டி. காரின் நீளத்தையும் என்ஜின் அளவையும் பார்க்கிறது. 2025 செப்டம்பர் முதல் சின்னக் காருக்கு 18, பெரிய காருக்கு 40 விழுக்காடு. மாநில அரசின் வாழ்நாள் வரி விலையைப் பார்க்கிறது. நீளம் அளக்கத் தெரிந்த அரசு, விலை அளக்கத் தெரிந்த அரசு! ஆனால் வரி பணத்தைத்தான் கேட்கும். பணம் இருக்கிறவன் கட்டிவிட்டுப் போவான், கட்டினதாலேயே சாலை தன்னுடையது என்றும் நினைப்பான். லைசென்சு ஆளைக் கேட்கும். பழகினாயா, எத்தனை வருஷம் ஓட்டினாய், மறுபடி வந்து ஓட்டிக் காட்டு என்று கேட்கும். காலத்தைக் கடையில் வாங்க முடியாது.

இது என் கற்பனை இல்லை. இத்தாலியில் 2011 முதல், புதிதாக லைசென்சு எடுத்தவர் முதல் வருஷம் ஒரு டன் எடைக்கு 55 கிலோவாட்டுக்கு மேல் திறனுள்ள காரை ஓட்டக்கூடாது, மொத்தத் திறனும் 70 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது என்று விதி. 2024 டிசம்பரில் அந்த வரம்பை 75, 105 என்று தளர்த்தினார்கள். ஆனால் காலத்தை 3 வருஷமாக நீட்டினார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்களில் புது ஓட்டுநருக்கு டன்னுக்கு 130 கிலோவாட் வரம்பு. ஜப்பானில் 1960களின் நடுப்பகுதி வரைக்கும் சின்னக் காருக்கென்றே தனி லைசென்சு இருந்தது, 16 வயசிலேயே எடுக்கலாம். நம் மாருதி 800 பிறந்தது அந்தச் சின்னக் கார் வம்சத்தில்தான். ஐரோப்பிய பாராளுமன்றத்தில் 2023இல் கரிமா டெல்லி என்ற பிரெஞ்சு உறுப்பினர், 1,800 கிலோவுக்கு மேற்பட்ட காருக்குத் தனி லைசென்சு வேண்டும் என்று முன்மொழிந்தார். ஏற்கவில்லை. அங்கேயும் பெரிய வண்டிக்காரர்களுக்குப் பெரிய குரல்தான். பைக் விஷயத்தை, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன நம் பையன்களைக் கேளுங்கள். முதலில் 200 சி.சி. வரை, ஒரு வருஷம் கழித்துத் தேர்வெழுதி 400 வரை, இன்னொரு வருஷம் கழித்துத்தான் அதற்கு மேலே.

ஆகவே என் யோசனை இதுதான். முதல் லைசென்சு சின்னக் காருக்கு மட்டும். 1,000 கிலோ எடைக்குள், 60 கிலோவாட், அதாவது சுமார் 80 குதிரைத் திறனுக்குள். ரெண்டு வருஷம் பெரிய குற்றம் இல்லாமல் ஓட்டினால் 1,500 கிலோ வரைக்கும் போகலாம். அதற்கு மேலே வேண்டுமானால் அந்த எடை வண்டியிலேயே புதுத் தேர்வு, கண்பரிசோதனை, 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. தொழிலாளிக்கு வைத்த அதே படிக்கட்டு. சின்னக் கார் வகைக்குக் கட்டணம் குறைய வேண்டும், தேர்வு தாலுகா அளவிலேயே நடக்க வேண்டும், வாய்மொழியாகவும் பதில் சொல்லலாம் என்று இருக்க வேண்டும். பிள்ளைக்கு 18 வயசாகும் வீட்டில் அடுத்த கார் வாங்கும்போது, "இதைப் பையன் ஓட்டலாமா?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி கோடிக்கணக்கான விளம்பரத்தைவிட வேலை செய்யும். மின்சாரக் காருக்கு பேட்டரி எடையில் சலுகை வேண்டும் என்றால் பேசலாம். ஆனால் இடிபடுகிறவருக்கு பேட்டரி எடையும் எடைதான்.

இதை அண்ணனிடம் சொன்னேன். சிரித்தார்.

"தம்பி, நீ சொல்றதெல்லாம் வண்டிய சொந்தமா ஓட்டுற ஊருக்குத்தான் சரி. இங்க மொதலாளி எங்க ஸ்டீரிங்க புடிக்கிறாரு? பெரிய வண்டிக்கு ரெண்டாவது பரீட்சைன்னு வெச்சா, அலையப்போறது நானு. புரோக்கருக்குக் குடுக்கப்போறது நானு. அவரு பாட்டுக்குப் பின்சீட்ல ஒக்காந்து, 'ஏன்டா இன்னும் லைசென்சு எடுக்கல'ன்னு வேற ஆளப் பாப்பாரு."

"அப்ப வேணாங்கிறீங்களாண்ணா?"

"வேணாங்கல. யாரு தலைல வெக்கிறேன்னு பாத்து வெய்யி. கால் என்னுது, அவசரம் அவருது. பதினோரு மணிக்கு மெட்ராசுல இருக்கணும்னு ஒம்போதரைக்கு திண்டிவனத்துல சொல்லுவாரு. நான் மெதுவா மிதிச்சா வேல போச்சு."

எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத விஷயம் இது. இத்தாலியில் காருக்கு உரியவரே ஓட்டுகிறார், ஆகவே லைசென்சைப் பிடித்தால் உடமையாளரைப் பிடித்த மாதிரி. இங்கே சாதி சமூகம் ஸ்டீரிங்கையும் பின்சீட்டையும் பிரித்து வைத்திருக்கிறது. அந்த விதியை அப்படியே இறக்குமதி செய்தால் அது இன்னொரு எட்டாம் வகுப்பு விதியாகிவிடும்.

அதற்கும் வழி சட்டத்திலேயே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தகுதி இல்லாதவரிடம் வண்டியைக் கொடுக்காமல் பார்த்துக்கொள்வது உடமையாளரின் கடமை என்கிறது. 2019 திருத்தத்தில், சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றவருக்கோ உடமையாளருக்கோ 3 வருஷம் சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவும் 12 மாதம் ரத்து என்று 199ஏ பிரிவைச் சேர்த்தார்கள். ஆக, மனசு வைத்தால் சட்டம் பின்சீட்டைத் தொடும். பெரிய வண்டியைப் பதிவு செய்யும்போதே, அதை யார் ஓட்டப்போகிறார்கள், அவருக்கு அந்த வகை லைசென்சு உண்டா என்று உடமையாளர் காட்ட வேண்டும். டிரைவருக்கான பயிற்சிச் செலவு, தேர்வுக் கட்டணம், அந்த நாட்களின் சம்பளம் எல்லாம் உடமையாளர் தலையில். ஏற்கெனவே அஞ்சு வருஷமாக ஓட்டுகிற டிரைவருக்கு அனுபவத்தை வைத்தே அந்த வகையைக் கொடுக்க வேண்டும். இந்த நிபந்தனைகள் இல்லாமல் இந்த விதி வந்தால் முதலில் எதிர்க்கிறவன் நானாகத்தான் இருப்பேன்.

புரோக்கர் பிரச்சினையும் நிஜம்தான். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் இன்னொரு கதவு திறந்தால் அங்கேயும் ஒருத்தன் நாற்காலி போடுவான். ஆனால் லஞ்சம் வாங்குகிறான் என்பதற்காக ரேஷன் கார்டே வேண்டாம் என்றா சொன்னோம்? தேர்வை எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி நடத்து, படம் பிடித்து வை என்று கேட்க வேண்டும்.

இன்னொரு எதிர்ப்பு நம் பையன்களிடமிருந்து வரும். அதுதான் எனக்குக் கஷ்டமானது. "இத்தன நாள் அவங்க பெருசு பெருசா ஓட்டுனாங்க. இப்ப நம்ம கையில நாலு காசு வந்து ஒரு பெரிய வண்டி எடுக்கலாம்னா, நீங்களே சட்டம் கேக்குறீங்களா தோழர்?" நியாயமான கோபம். 1893இல் அய்யன்காளி திருவிதாங்கூரில் வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனது வெறும் சவாரியா? சைக்கிளில் இருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்று ஊர்த்தெருவில் சொல்லக் கேட்டவர்கள் நாம். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் மாணவரின் கையில் வெட்டு விழுந்தது. புல்லட் ஓட்டியதற்காகத்தான் வெட்டினார்கள் என்று குடும்பம் சொன்னது. அந்தப் பையனுக்கு புல்லட் ஓட்ட எல்லா உரிமையும் உண்டு. ஓட்டட்டும், நாம் பின்னால் நிற்போம்.

ஆனால் ஒன்று யோசியுங்கள். அவன் கையை வெட்டுகிறவன் கேட்பது "நீ யாரு?" என்ற கேள்வி. நான் கேட்கச் சொல்வது "வண்டி எவ்வளவு எடை, நீ எவ்வளவு பழகினாய்?" என்ற கேள்வி. முதல் கேள்வி பிறப்பைப் பார்க்கிறது. ரெண்டாவது கேள்வி ஜமீனுக்கும் காலனிக்கும் ஒன்றுதான். கேள்வியே இல்லாமல் விட்டால் யாருக்கு லாபம்? எங்க தெருவில் பெரிய கார் ஒன்றுகூட இல்லை. சாலையைக் கடக்கிறவர்கள் தினமும் முந்நூறு பேராவது இருப்போம்.

1924இல் சென்னை மாகாண சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையிலும் தெருவிலும் எந்தச் சாதியாரும் நடக்கலாம், பொதுக்கிணற்றை எல்லாரும் பயன்படுத்தலாம் என்று. அது நிறைவேறி அரசாணையும் ஆனது. நூறு வருஷம் தாண்டிவிட்டது. சாலையில் கால் வைக்கிற உரிமையை அவர் வாங்கிக் கொடுத்தார். வைத்த கால் மறுபக்கம் போய்ச் சேர்கிற உரிமை இன்னும் பாக்கி.

லைசென்சு விதிகளைப் போடுவது மத்திய அரசு. சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வரைவு விதி வெளியிடும்போதெல்லாம் ஆட்சேபணையும் யோசனையும் அனுப்பக் காலக்கெடு கொடுக்கும். கார் கம்பெனிகள் தவறாமல் அனுப்புகின்றன. நாம் அனுப்பியிருக்கிறோமா? சட்டம் படிக்கிற மாணவத் தோழர்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும். டிரைவர் சங்கங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச வேண்டும். என் எடைக்கணக்கில் தப்பிருந்தால் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். என் அண்ணன் சொன்னதில் தப்பிருந்தால் அவரிடமே கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பார், முதலாளிக்கு அவசரம் இல்லாவிட்டால்.

விவாதிப்போம் தோழர்களே. நாளைக் காலையும் ரேஷன் கடை சாலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும்.